பெரிய சக்கரத்துக்கு மாறலாமா? மவுண்டன் பைக் சக்கர அளவு பற்றி ஓர் எளிய விளக்கம்

மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள், அதிலும் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 26 அங்குல அல்லது 27.5 அங்குலச் சக்கர வண்டியை இன்னும் வைத்திருப்பவர்கள், 29 அங்குலத்துக்கு மாறுவதா வேண்டாமா என்ற கேள்வியை என்றேனும் ஒருநாள் சந்திக்கிறார்கள். கரடுமுரடான தடத்தில் பெரிய சக்கரம் எளிதாக உருளும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு எளிதாக, எந்த இடத்தில், யாருக்கு என்று கேட்காமல் முடிவெடுத்தால், சக்கரத்தால் கிடைக்காத ஒன்றைச் சக்கரத்திடம் எதிர்பார்க்க நேரிடும். இந்தக் கேள்விகளுக்கு விடை காணப் பள்ளிக் கணிதமே பெரும்பாலும் போதும்.

முதலில் இந்த எண்கள் எதை அளக்கின்றன என்று பார்ப்போம். ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் வட்டத்தின் விட்டம் 26 அங்குலச் சக்கரத்தில் 559 மி.மீ., 27.5 அங்குலத்தில் 584 மி.மீ., 29 அங்குலத்தில் 622 மி.மீ. டயரின் பக்கவாட்டில் 57-622 என்பதுபோல அச்சிட்டிருப்பதில் முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் இந்த விட்டம். அங்குலக் கணக்கு என்பது டயர் ஏறிய பிறகு கிடைக்கும் வெளிவிட்டத்தின் தோராயமான பெயர்தான். மூன்றிலும் ஒரே மாதிரியாக 2.3 அங்குல அகல டயரை மாட்டினால், வெளிவிட்டம் முறையே ஏறத்தாழ 675, 700, 738 மி.மீ. வரும். 27.5 என்ற பெயரைக் கேட்பவர்கள் அது மற்ற இரண்டுக்கும் சரிபாதியில் நிற்பதாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது 26 அங்குலத்தைவிட 25 மி.மீ. மட்டுமே பெரியது, 29 அங்குலத்தைவிடவோ 38 மி.மீ. சிறியது. எனவே 26 அங்குலத்திலிருந்து 27.5 அங்குலத்துக்குப் போவது சிறிய மாற்றம், 27.5 அங்குலத்திலிருந்து 29 அங்குலத்துக்குப் போவது அதைவிடப் பெரிய மாற்றம்.

டயரின் அகலமும் இந்தக் கணக்கில் நுழைகிறது. 27.5 அங்குல ரிம்மில் 3 அங்குல அகலமுள்ள தடித்த டயரை மாட்டினால், வெளிவிட்டம் கணக்குப்படி 736 மி.மீ. ஆகிவிடும், அதாவது சாதாரண டயர் மாட்டிய 29 அங்குலச் சக்கரத்துக்கு ஏறத்தாழச் சமம். இந்த இரண்டு வகைச் சக்கரங்களையும் ஏற்கும் ஃபிரேம்கள் விற்பனைக்கு வந்ததற்கு இதுதான் காரணம்.

26 அங்குலம் எப்படி நிலைபெற்றது?

ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்து யாரும் 26 அங்குலத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில், பழைய ஷ்வின் போன்ற கனத்த வண்டிகளை மலைமீது ஏற்றிக்கொண்டு போய் மண்பாதையில் இறக்கி ஓட்டிய இளைஞர்கள் இருந்தார்கள். 1976இல் அவர்கள் ரீபேக் என்ற பாதையில் பந்தயமே நடத்தத் தொடங்கினார்கள். அந்தப் பழைய வண்டிகளில் தடித்த பலூன் டயர்கள் இருந்தன, அந்த டயர்கள் 26 அங்குலம். 1977இல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு ஃபிரேமை உருவாக்கியபோதும், 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பரைப் பெருமளவில் விற்கத் தொடங்கியபோதும் அதே அளவு தொடர்ந்தது. கையில் கிடைத்த டயர் ஒரு துறையின் தர அளவாக ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்தது.

29 அங்குலத்தின் 622 மி.மீ. விட்டமும் புதிதன்று, சாலைப் பந்தய சைக்கிள்களின் 700சி ரிம்மும் அதே அளவுதான். இல்லாதிருந்தது அந்த ரிம்முக்கு ஏற்ற தடித்த மண்பாதை டயர் மட்டுமே. 1999இல் வில்டர்னஸ் டிரெயில் பைக்ஸ் நிறுவனத்தின் நானோராப்டர் டயர் அந்தக் குறையைத் தீர்த்தது. அதன் பிறகு கேரி ஃபிஷர் உள்ளிட்டோர் இந்த அளவில் வண்டிகளை விற்கத் தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகள் பலரும் அவற்றைக் கேலியாகத்தான் பார்த்தார்கள்.

தடையில் ஏறும் கணக்கு

பெரிய சக்கரத்தின் தலையாய நன்மை தடைகளைக் கடப்பதில் உள்ளது. பாதையில் ஒரு கல்லோ வேரோ குறுக்கே நின்றால், சக்கரம் அதன் மேல்விளிம்பைத் தொடும் இடத்தை மையமாகக் கொண்டு உருண்டு ஏற வேண்டும். தொடும் இடம் எவ்வளவு முன்னால், எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குத் தடை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும்; தொடும் இடம் அச்சுக்கு நேர்கீழே நெருங்க நெருங்க, தள்ளுவது குறைந்து தூக்குவது கூடும். ஒரே உயரமுள்ள கல்லைப் பெரிய சக்கரம் சற்றுக் கீழான கோணத்தில் தொடுகிறது.

இதை எண்ணிக்கையில் பார்ப்போம். 6 செ.மீ. உயரமுள்ள ஒரு வேரை 675 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் தொடும்போது, அச்சிலிருந்து தொடும் புள்ளிக்கு வரையும் கோடு செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 34.7 பாகை விலகியிருக்கும், 738 மி.மீ. சக்கரத்துக்கு அது 33.1 பாகை. நின்ற நிலையிலிருந்து அந்த வேரின் மேல் சக்கரத்தை ஏற்றத் தேவைப்படும் முன்தள்ளுவிசை ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. கல்லின் உயரம் 10 செ.மீ. என்றால் கோணங்கள் 45.3, 43.2 என்று ஆகின்றன. விசைக் குறைவு 7 சதவீதம். 27.5 அங்குலத்திலிருந்து 29 அங்குலத்துக்கு மாறுபவருக்கு இந்த 10 செ.மீ. கல்லில் கிடைக்கும் குறைவு ஏறத்தாழ 4 சதவீதம்தான்.

எனவே நன்மை உண்மையானது, ஆனால் சிறியது. எனினும் ஒரு கல்லில் 6 சதவீதம் என்பதை வைத்து மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. வேரும் கல்லும் நிறைந்த தடத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால், சக்கரம் எண்ணற்ற முறை இப்படி இடறுகிறது. ஒவ்வோர் இடறலிலும் கொஞ்சம் வேகம் போகிறது, அதை மீட்கக் காலும் கையும் கொஞ்சம் உழைக்கின்றன. சிறிய சேமிப்பு இப்படித் தொடர்ந்து சேர்வதால்தான், இடைவிடாது கரடுமுரடாக இருக்கும் பாதைகளில் பெரிய சக்கர வண்டிகள் தெளிவாகத் தேறுகின்றன. குழிகளிலும் இதே கதைதான். பெரிய வளைவுள்ள சக்கரம் சிறிய குழிக்குள் அவ்வளவு ஆழமாக இறங்காது. நடுநடுவே கல் இருந்தாலும் பெரும்பாலும் சமமான மண்பாதையில் ஓட்டுபவருக்கு இந்தச் சேமிப்பு மிகக் குறைவு.

பிடிமானம் பற்றியும் மிகையாகச் சொல்லப்படுவதுண்டு. பெரிய சக்கரம் தரையை மிக அதிகப் பரப்பில் தொடுகிறது என்பார்கள். தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியின் மேலுள்ள எடையும் டயரின் காற்றழுத்தமும்தான்; சக்கரம் பெரிதானால் அந்தப் பரப்பு சற்று நீண்டு குறுகலாகிறது. ஈரமான ஏற்றத்தில் அந்த நீளம் உதவும் என்பது உண்மை. ஆனால் 2.1 அங்குல டயரைக் கழற்றி 2.4 அங்குல டயரை மாட்டி, உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் முறையில் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டினால் கிடைக்கும் பிடிமானம், சக்கர அளவை மாற்றிக் கிடைப்பதைவிட எளிதில் உணரக்கூடியது, செலவும் மிகக் குறைவு. வண்டி மாற்றும் எண்ணம் பிடிமானக் குறைவால் மட்டும் எழுந்தது என்றால், முதலில் டயரைப் பாருங்கள்.

கொடுக்க வேண்டிய விலை

பெரிய சக்கரம் வேகமெடுக்கத் தாமதிக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் குறை. இதில் பாதி உண்மை இருக்கிறது. 26 அங்குலத்திலிருந்து 29 அங்குலத்துக்குப் போனால் ரிம்மும் டயரும் ஏறத்தாழ 10 சதவீதம் நீளுகின்றன; பொருளின் தடிமன் மாறாவிட்டால் எடையும் அதே அளவு கூடும். ஒரு சக்கரத்தின் ரிம்மும் டயரும் சேர்ந்து 1,250 கிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சக்கரங்களுக்கும் கூடுவது 250 கிராம். ஓரத்தில் சுழலும் எடை முன்னேறவும் வேண்டும், சுழலவும் வேண்டும் என்பதால் வேகமெடுக்கும்போது அதை இரண்டு மடங்காக, 500 கிராமாகக் கணக்கிடலாம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ இருக்கும்போது இது 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

அப்படியானால் மந்தமாக இருப்பதாகப் பலரும் ஏன் உணர்கிறார்கள்? என் கணிப்பில் பெரும்பங்கு கியருக்கு உரியது. வெளிவிட்டம் 9 சதவீதம் கூடும்போது, முன்னும் பின்னும் அதே பற்சக்கரங்கள் இருந்தால், பெடலின் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 9 சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கிறது. கால் அந்த 9 சதவீதத்தைத்தான் உணர்கிறது. முன் பற்சக்கரத்தில் 32 பற்களுக்குப் பதிலாக 30 பற்கள் உள்ளதைப் போட்டால் இந்தக் குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஆனால் திருப்பங்களில் வரும் மந்தம் கற்பனையன்று. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது சக்கரம் காட்டும் எதிர்ப்பு, எடையோடு ஆரத்தின் இருமடியையும் சார்ந்தது. இரண்டும் 10 சதவீதம் கூடினால் அந்த எதிர்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்கிறது. வண்டியைச் சாய்க்கும்போது சுழலும் சக்கரம் காட்டும் எதிர்ப்பும் அதே வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடும். நேராகவும் வேகமாகவும் இறங்கும்போது இதே பண்புதான் வண்டியை நிலையாக வைத்திருக்கிறது. அடுத்தடுத்து முடிச்சுப் போலச் சுருளும் திருப்பங்களிலும், வண்டியைக் காற்றில் எறிந்து விளையாடும் ஓட்டத்திலும் இதே பண்பு எரிச்சலூட்டும். குதிப்பதையும் திருப்புவதையும் முதன்மை இன்பமாகக் கொண்டவர்கள் இன்றும் சிறிய சக்கரத்தை விடாமல் வைத்திருப்பதைப் பழமைப் பற்று என்று சொல்லிவிட முடியாது.

நீண்ட ஸ்போக்குகள் கொண்ட சக்கரம் பக்கவாட்டில் சற்று வளைந்துகொடுக்கும் என்ற குறை முன்பு பெரிதாக இருந்தது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புகளை அகலப்படுத்தி, பின் அச்சின் அளவை 142 மி.மீ.யிலிருந்து 148 மி.மீ.க்கு உயர்த்தியதால், ஸ்போக்குகள் கூடுதல் சாய்வில் நிற்கின்றன. இப்போது வரும் வண்டிகளில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஓட்டுநரின் உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. 26 அங்குலத்திலிருந்து 29 அங்குலத்துக்குப் போகும்போது அச்சு 31 மி.மீ.க்கும் சற்று மேலாக உயர்கிறது, பின் டயரின் உச்சி அதைப்போல் இரண்டு மடங்கு உயர்கிறது. செங்குத்தான இறக்கத்தில் உடலைப் பின்னால் தள்ளி இறங்கும்போது, கால் நீளம் குறைந்தவர்களின் பின்புறத்தில் டயர் உரசும். முன்பக்கத்திலும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உயரமாக நிற்பதால் ஹேண்டில்பாரைத் தேவையான அளவுக்குத் தாழ்த்த முடியாமல் போகலாம். சில தயாரிப்பாளர்கள் தங்கள் மிகச் சிறிய ஃபிரேம்களுக்கு மட்டும் 27.5 அங்குலச் சக்கரம் போடுவது இதனால்தான். உயரம் இத்தனை செ.மீ.க்குக் குறைவென்றால் 29 கூடாது என்று கறாரான கோடு ஏதுமில்லை. அந்த வண்டியில் ஏறி, இருக்கையைத் தாழ்த்தி, பின்னால் சாய்ந்து பார்ப்பதே இதற்குரிய அளவுகோல். உயரமானவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்மையாகிறது: அச்சு ஏறத்தாழ 369 மி.மீ. உயரத்தில் இருக்க, பெடல் தண்டு பொருந்தும் பாட்டம் பிராக்கெட் அதற்கு 30 மி.மீ. வரை தாழ்ந்திருப்பதால், வண்டியின் மேல் அமர்ந்திருப்பதைவிட வண்டிக்குள் அமர்ந்திருக்கும் உறுதி கிடைக்கிறது.

எதை எதனோடு ஒப்பிடுகிறோம்?

பெரிய சக்கரத்துக்கு மாறியவர்கள் சொல்லும் வியப்புகளில் பெரும்பகுதி சக்கரத்தைச் சேர்ந்ததன்று என்பது என் கருத்து. 2008ஆம் ஆண்டின் 26 அங்குல வண்டியிலிருந்து இறங்கி இன்றைய 29 அங்குல வண்டியில் ஏறுபவருக்கு ஒரே நேரத்தில் எத்தனை மாறுகின்றன என்று பாருங்கள். முன் ஃபோர்க் தரையோடு அமைக்கும் கோணம் 70 பாகையை ஒட்டியிருந்தது. இப்போது 66, 65 என்று படுத்துவிட்டது. ஃபிரேம் நீண்டிருக்கிறது, ஹேண்டில்பார் அகன்றிருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம் குட்டையாகியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கையை ஏற்றி இறக்கும் டிராப்பர் வந்துவிட்டது. டயர் அகன்று, டியூப் போய்விட்டது. பிரேக்கும் சஸ்பென்ஷனும் முன்னைவிடத் தேறியிருக்கின்றன. இறக்கத்தில் பிறக்கும் அந்தப் புதிய துணிச்சலில் சக்கரத்துக்குரிய பங்கை இவற்றிலிருந்து பிரித்தெடுப்பது கடினம்.

உயர்ந்த மட்டத்தில், மற்றவை எல்லாம் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது, வேறுபாடு எவ்வளவு சுருங்குகிறது என்பதற்கு 2012 லண்டன் ஒலிம்பிக் நல்ல சான்று. ஏற்றமும் இறக்கமும் கலந்த சுற்றுப்பாதையில் நடக்கும் ஆண்களுக்கான கிராஸ் கன்ட்ரி போட்டியில் 29 அங்குல வண்டியில் வந்த செக் நாட்டு வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி தங்கம் வென்றார், 27.5 அங்குல வண்டியில் வந்த சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் வெள்ளி வென்றார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இருவருக்கும் இடையே இருந்தது 1 விநாடி. ஆயினும் 2016இல் ரியோவில் தங்கம் வென்றபோது ஷுர்ட்டரும் 29 அங்குலத்துக்கு மாறியிருந்தார். பெரிய சக்கரத்துக்கு இடமில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்ட, மலையிலிருந்து இறங்க மட்டுமே செய்யும் டவுன்ஹில் பந்தயத்திலும், 2017இல் ஃபோர்ட் வில்லியம் உலகக் கோப்பைச் சுற்றை கிரெக் மின்னார் 29 அங்குல வண்டியில் வென்றார். விநாடியின் பின்னத்துக்குப் போராடுபவர்களுக்கு 5 சதவீதம் என்பது பெரிது; வார இறுதியில் காட்டுத்தடத்துக்குப் போகும் ஒருவருக்கும் அது அதே அளவு பெரிதாக வேண்டிய கட்டாயமில்லை.

ஆகவே கையில் இருக்கும் வண்டியைப் பொறுத்து விடை மாறுகிறது. சில ஆண்டுகளுக்குள் வாங்கிய, அளவு பொருந்திய, நல்ல நிலையில் உள்ள 27.5 அங்குல வண்டி இருந்தால், சக்கரத்துக்காக மட்டும் அதை மாற்றுவது வீண்செலவு என்றே சொல்வேன். 26 அங்குல வண்டி வைத்திருப்பவரின் நிலை வேறு; அவர் மாற விரும்பினால் அதற்கு வலுவான காரணம் உண்டு, அது ஃபிரேமின் வடிவமும் உதிரிப்பாகங்களும். அந்த அளவில் தரமான டயர்களும் ஃபோர்க்குகளும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகின்றன. முதன்முறையாக வாங்குபவர் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: உயரம் இடம் கொடுத்தால் 29, உயரம் குறைவென்றாலோ விளையாட்டுத்தனமான ஓட்டமே விருப்பமென்றாலோ 27.5.

பழைய ஃபிரேமில் பெரிய சக்கரத்தைப் பொருத்திக்கொள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் முடியாது. டயர் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் உரசும்; ரிம் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் கட்டை ரிம்மை எட்டாது; நுழைந்துவிட்டாலும் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும் நேரத்தில் டயர் எங்காவது இடிக்கும், அது ஆபத்தானது. முன்னால் மட்டும் 29, பின்னால் 27.5 என்று கலந்து ஓட்டுவது வேறு. மல்லட் என்றழைக்கப்படும் இந்த அமைப்பில் முன்சக்கரம் தடைகளை எளிதாகக் கடக்கிறது, பின்சக்கரம் உடலுக்கும் திருப்பத்துக்கும் இடம் விடுகிறது. இதற்கென்றே வடிவமைத்த ஃபிரேமில் இது நன்றாக இருக்கும். இரண்டும் 29 என்று வடிவமைத்த வண்டியில் பின்சக்கரத்தை மட்டும் சிறிதாக்கினால், பின் அச்சு 19 மி.மீ. இறங்கும், பாட்டம் பிராக்கெட் ஏறத்தாழ 12 மி.மீ. தாழும், முன் ஃபோர்க் ஏறத்தாழ 1 பாகை கூடுதலாகப் படுக்கும். அந்த 12 மி.மீ. காகிதத்தில் சிறிதாகத் தெரிந்தாலும், கற்கள் நிறைந்த ஏற்றத்தில் பெடல் அடிக்கடி இடிக்கத் தொடங்கும்.

முடிவெடுக்கும் முன் இரவலாகவோ வாடகைக்கோ ஒரு பெரிய சக்கர வண்டியை வாங்கி, நன்கு பழகிய தடத்தில் உங்கள் வண்டியையும் அதையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் டயரின் அகலமும் காற்றழுத்தமும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையேல் டயரைத்தான் ஒப்பிடுவீர்கள். ஏற்றம், வேர்கள், இறுக்கமான திருப்பம் மூன்றும் உள்ள குறுகிய சுற்றாக இருந்தால் நல்லது. உணர்ச்சியை மட்டும் நம்பாமல் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குலுக்கல் குறைந்த வண்டி மெதுவாகப் போவதுபோல் தோன்றும், கடிகாரம் வேறு சொல்லும். முதல் சுற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஏனெனில் புதிய வண்டியில் பிரேக் பிடிக்கும் இடமும் திரும்பத் தொடங்கும் இடமும் பழகச் சற்று நேரம் பிடிக்கும். வாங்குவது என்று முடிவானால், முன் பற்சக்கரத்தில் எத்தனை பற்கள் என்று எண்ணி, இப்போது நீங்கள் ஏறும் மிகச் செங்குத்தான ஏற்றத்துக்கு அது போதுமா என்று கடையிலேயே கேட்டு, தேவையானால் 2 பற்கள் குறைந்ததாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.